படத்தில் பார்த்த பூங்கொத்து ஏன் வாசலுக்கு வருவதில்லை?

கேள்வி: பெரிய ஆன்லைன் பூ நிறுவனங்களில் ஆர்டர் போட்டால் படத்தில் இருப்பது ஒன்று, கைக்கு வருவது ஒன்றாக இருக்கிறது. அவர்களுக்குப் பூ கட்டிக் கொடுக்கும் உள்ளூர்க் கடைக்காரர்களைக் கேட்டால் கையைக் கடிக்கிறது என்கிறார்கள். நிறுவனங்களும் லாபம் இல்லை என்கின்றன. அப்படியானால் பணம் எங்கேதான் போகிறது? இதற்கு வழியே இல்லையா?

பதில்:

இந்த வியாபாரத்தில் பணம் கொடுப்பவர் பூவைப் பார்ப்பதில்லை. பூவைப் பார்ப்பவருக்கு அதற்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று தெரியாது. கட்டிக் கொடுக்கும் கடைக்காரருக்கு இந்த இருவரோடும் பேச்சே கிடையாது. நடுவில் நின்று படம் காட்டி, விலை சொல்லி, வாக்குக் கொடுக்கும் நிறுவனமோ பூவைத் தொடுவதே இல்லை. நீங்கள் சொன்ன மூன்று குறைகளும் இந்த ஏற்பாட்டிலிருந்துதான் கிளம்புகின்றன. யாரோ ஒருவர் ஏமாற்றுக்காரர் என்று முடித்துவிட்டால் விஷயம் பிடிபடாது.

தொடக்கத்தில் இது இப்படி இல்லை. 1908-ல் பெர்லினில் மாக்ஸ் ஹூப்னர் என்ற பூ வியாபாரி, வெளியூருக்குப் பூ அனுப்ப அந்தந்த ஊர்க் கடைக்காரர்களையே கொண்டு ஒரு சங்கம் அமைத்தார். அதுதான் பின்னால் ஃப்ளூரோப் ஆனது. 1910-ல் அமெரிக்காவில் 15 பூக்கடைக்காரர்கள் சேர்ந்து, தந்தி மூலம் ஆர்டரைப் பரிமாறிக்கொள்ளும் அமைப்பைத் தொடங்கினார்கள். இன்றைய எஃப்டிடி அதுதான். வாடும் பொருளை ரயிலில் ஏற்றுவதற்குப் பதிலாகச் செய்தியை மட்டும் அனுப்பினால் போதும் என்று கண்டுகொண்டதுதான் அவர்களின் கெட்டிக்காரத்தனம்.

அந்த ஏற்பாடு நின்றது ஒரு சமநிலையில். ஆர்டர் எடுத்த கடை சுமார் 20 சதவீதத்தை வைத்துக்கொள்ளும், கணக்கைத் தீர்த்துவைக்கும் அமைப்புக்குச் சுமார் 7 சதவீதம் போகும், கட்டிக் கொடுக்கும் கடைக்கு மீதி. வழக்கமாகச் சொல்லப்படும் பங்கு இதுதான். 73-க்குக் கட்டிக் கொடுப்பது கஷ்டம்தான். ஆனால் இன்று வாங்கிக்கொண்ட கடை நாளை அனுப்பும். அனுப்பும்போது 20 கிடைக்கும். வருவதும் போவதும் ஏறக்குறைய சமமாக இருந்தவரை யாருக்கும் மனக்குறை இல்லை. அனுப்புகிற கடைக்காரருக்கும் பூவைப் பற்றித் தெரியும் என்பதால், “அந்த ஊரில் இந்த மாதத்தில் இது கிடைக்காது, வேறு சொல்லுங்கள்” என்று வாடிக்கையாளரிடமே பேசி முடித்துவிடுவார்.

இலவசத் தொலைபேசி எண்ணும் பிறகு இணையமும் வந்தபோது, கடையே இல்லாதவர்களும் ஆர்டர் எடுக்க முடிந்தது. அன்றிலிருந்து ஆர்டர் ஒரே திசையில் பாய ஆரம்பித்தது. உள்ளூர்க் கடை வாங்கிக்கொண்டே இருக்கும். திருப்பி அனுப்ப அதனிடம் ஒன்றும் இல்லை, ஏனென்றால் வெளியூருக்குப் பூ அனுப்ப வேண்டியவர்கள் கடைக்கு வராமல் போனிலேயே முடித்துவிடுகிறார்கள். 20-ஐ விட்டுக்கொடுத்தது ஒரு காலத்தில் கொடுக்கல் வாங்கல். இப்போது அது வெறும் கழிவு. பங்கு விகிதம் பழையதாகவே இருக்க, அதைத் தாங்கி நின்ற சமநிலை மட்டும் போய்விட்டது. எனக்குத் தெரிந்து உள்ளூர்க் கடைக்காரர்களின் கோபத்துக்கு மூல காரணம் இதுதான். சேவைக் கட்டணம் என்று வாடிக்கையாளரிடம் தனியாக வாங்குவது பெரும்பாலும் இந்தப் பங்கீட்டுக்குள் வருவதே இல்லை. அது போக, உறுப்பினர் கட்டணம், மென்பொருள் கட்டணம் என்று மாதாமாதம் கடைக்காரர் கட்டுவது வேறு.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பூவின் கொள்முதல் விலையைப் போல மூன்று மடங்கு, மூன்றரை மடங்குக்கு விற்பது இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம். அதிகமாகத் தோன்றலாம். ஆனால் வாடிக் கொட்டுவது, கட்டும் கூலி, வாடகை, குளிர்பதனப் பெட்டிக்கு மின்சாரம் எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். ஆக, 100-க்கு விற்கும் பூங்கொத்தில் சுமார் 33 பூவுக்கே போகிறது. நேரடி வாடிக்கையாளர் என்றால் மீதி 67. அதே கொத்து நிறுவனம் வழியாக வந்தால் கைக்கு வருவது 73. படத்தில் இருப்பதைக் குறையாமல் கட்டினால் பூவுக்கு 33 போய் மீதி 40. இந்த 40-க்குள் ஜாடி, கூலி, வாடகை, கழிவு எல்லாம் முடிய வேண்டும். டெலிவரிக்குத் தனியாகத் தராத ஏற்பாடாக இருந்தால் பெட்ரோலும் ஓட்டுநர் சம்பளமும் அதிலேயே. ஆகவே கடைக்காரர் மூன்றில் ஒன்றைச் செய்கிறார். நஷ்டத்தில் கட்டுகிறார், அல்லது 73-க்கு எவ்வளவு பூ வருமோ அவ்வளவை வைக்கிறார், அல்லது ஆர்டரை எடுப்பதில்லை. நடுவில் உள்ளதைச் செய்தால்தான் உங்கள் கையில் படத்தைவிட மெலிந்த கொத்து வந்து சேர்கிறது. அவர் தன் பங்குக்கு நியாயமாகத்தான் கட்டியிருக்கிறார். ஆனால் நீங்கள் கொடுத்தது 100, அதற்கு மேல் சேவைக் கட்டணம். உங்கள் ஏமாற்றமும் நியாயமானதே.

படத்தின் பங்கும் இதில் உண்டு. நிறுவனத்தின் தளத்தில் இருக்கும் படம் ஒரு ஸ்டுடியோவில், பூ முழுதாக மலர்ந்த நேரத்தில், முன்பக்கம் மட்டும் தெரியும்படி எடுத்தது. பல இடங்களில் ஒரே கொத்துக்கு மூன்று அளவு உண்டு. படம் பெரிய அளவுக்கு உரியதாக இருக்கும், கண்ணில் படும் விலையோ சின்ன அளவுக்கு உரியது. கடைக்கு வந்து சேர்வது ஒரு பட்டியல்: இந்த நிறத்தில் ரோஜா இத்தனை, வெள்ளை கார்னேஷன் இத்தனை, இளஞ்சிவப்பு ஆல்ஸ்ட்ரோமீரியா இத்தனை தண்டு, இன்ன இலை, இன்ன ஜாடி.

காலை பத்து மணிக்குக் கடைக்காரரின் மேசையில் இந்தப் பட்டியல் இருக்கிறது என்று வையுங்கள். குளிர்பதனப் பெட்டிக்குள் ரோஜா இருக்கிறது, ஆனால் பீச் நிறம் இல்லை, மஞ்சளும் வெள்ளையும்தான். ஆல்ஸ்ட்ரோமீரியா மொத்த வியாபாரியிடம் பத்துத் தண்டுக் கட்டாகத்தான் வரும். பட்டியலுக்கு வேண்டியதோ மூன்று. மீதி ஏழு தண்டை இன்றோ நாளையோ விற்க முடியாவிட்டால் அந்த ஏழின் விலையும் இந்த ஒரு ஆர்டரின் தலையில்தான் விழும். ஜாடி அந்த நிறுவனத்தின் முத்திரை வடிவம். பெட்டி பெட்டியாக முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். அடுத்த பருவத்தில் வடிவம் மாறினால் பழையது அலமாரியில் தூங்கும். கையில் இருக்கும் மஞ்சள் ரோஜாவையும் சாமந்தியையும் வைத்து அவர் படத்தில் இருப்பதைவிட அழகான கொத்துக் கட்டிவிடுவார். ஆனால் படத்தோடு ஒத்துப்போகாது. புகார் வந்தால் பணம் பிடிக்கப்படும். நல்ல கைத்திறன் உள்ளவர்கள் இந்த வேலையை வெறுப்பதற்குப் பணத்துக்கு அடுத்த காரணம் இதுதான். தன் கண்ணையும் கையையும் நம்பித் தொழில் செய்கிறவரை ஒரு படத்தைப் பார்த்து நகலெடுக்கச் சொல்கிறோம்.

பூவின் இயல்பும் பட்டியலுக்குக் கட்டுப்படாது. வெட்டிய பூ மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கும். சூடு ஏற ஏற அந்த மூச்சு பல மடங்கு வேகமாகி, சேர்த்து வைத்த சர்க்கரை தீர்ந்து வாடும். ரோஜாவையும் கார்னேஷனையும் உறைநிலைக்குச் சற்று மேலே வைத்தால் நன்றாகத் தாங்கும். அதே குளிரில் ஆந்தூரியத்தையும் வெப்பமண்டல ஆர்க்கிட்டையும் வைத்தால் கறுத்துப்போகும், அவற்றுக்கு 10 டிகிரிக்குக் கீழே ஆகாது. பழுத்த பழத்திலிருந்தும் வண்டிப் புகையிலிருந்தும் வரும் எத்திலீன் வாயு பட்டால் கார்னேஷன் இதழ்கள் உள்பக்கமாகச் சுருண்டு மூடிக்கொள்ளும். கடைக்கு வந்த ரோஜாவின் அடித்தண்டைப் புதிதாக வெட்டி, தண்ணீருக்குள் அமிழும் இலைகளைக் கிள்ளி, சுத்தமான வாளியில் சில மணி நேரம் நீர் குடிக்க விட வேண்டும். அவசரத்தில் இதைத் தவிர்த்தாலோ, வாளியில் பாக்டீரியா சேர்ந்து தண்டை அடைத்துவிட்டாலோ, மறுநாளே ரோஜா கழுத்து மடங்கித் தலை தொங்கிவிடும். இந்த வேலைகள் எதுவும் படத்தில் தெரியாது, விலையிலும் தெரியாது. பெறுபவர் வீட்டில் பூ எத்தனை நாள் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது மட்டும் இவைதான்.

இப்போது நிறுவனத்தின் பக்கம். அவர்கள் கொழுத்த லாபத்தில் மிதக்கிறார்கள் என்று கடைக்காரர்கள் நினைப்பது முழு உண்மை அல்ல. அமெரிக்காவின் 1-800-ஃப்ளவர்ஸ் 2024 நிதியாண்டில் உணவுப் பரிசுகளையும் சேர்த்து 180 கோடி டாலருக்கு மேல் விற்றும் நஷ்டக் கணக்குத்தான் காட்டியது. பணத்தில் பெரிய பங்கு வாடிக்கையாளரைப் பிடிக்கவே போகிறது. ஒருவர் வருடத்துக்குச் சில முறைதான் பூ அனுப்புகிறார். அடுத்த முறை நிறுவனத்தின் பெயரை நினைவில் வைத்திருக்க மாட்டார். மறுபடியும் தேடுபொறியில் “பூ டெலிவரி” என்று தட்டுவார், மேலே இருக்கும் விளம்பரத்தைச் சொடுக்குவார். ஒரே வாடிக்கையாளரைத் திரும்பத் திரும்ப விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. அந்த விளம்பர இடம் ஏலத்தில் போவதால், எல்லோருக்கும் பூ தேவைப்படும் வாரத்தில்தான் அதன் விலையும் உச்சத்தில் இருக்கும். ஆக, உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் இது: பணத்தில் கணிசமான பகுதி பூவுக்கும் போவதில்லை, கட்டுபவருக்கும் போவதில்லை, தேடுபொறிக்கும் தள்ளுபடிக் கூப்பன்களுக்கும் போகிறது.

இந்தத் தேடல் சண்டை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. “இன்டர்ஃப்ளோரா” என்று கூகுளில் தேடினால் தன் விளம்பரம் வரும்படி, பூவும் விற்கும் பிரிட்டிஷ் சில்லறை நிறுவனமான மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் பணம் கட்டியதை எதிர்த்து இன்டர்ஃப்ளோரா வழக்குப் போட்டது. 2011-ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அதில் தீர்ப்புச் சொன்னபோது கவனித்த ஒரு விஷயம் முக்கியமானது. இன்டர்ஃப்ளோரா என்பது பலவகையான தனித்தனிக் கடைகள் சேர்ந்த கூட்டமைப்பு. அதனால் விளம்பரம் செய்பவர் அந்தக் கூட்டமைப்பில் ஒருவரா, வெளியாளா என்பது சாதாரண வாடிக்கையாளருக்குப் புரிவது கடினமாக இருக்கலாம் என்றது நீதிமன்றம். கூட்டமைப்பின் பலமே அதன் பலவீனம்: பெயர் ஒன்று, முகம் ஆயிரம். இதே குழப்பத்தைப் பயன்படுத்தி, எங்கோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு உள்ளூர்க் கடைபோலப் பெயரும் தொலைபேசி எண்ணும் வைத்து ஆர்டர் பிடிப்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் பல மாநிலங்கள் இதைத் தடுக்கச் சட்டமே போட்டிருக்கின்றன. இவர்கள் எடுக்கும் ஆர்டர் சில நேரம் பெரிய நிறுவனத்தின் வழியாகச் சுற்றிக் கடைக்கு வரும். அதற்குள் இரண்டு பேர் கமிஷன் எடுத்திருப்பார்கள்.

பண்டிகை நாள் வந்தால் இத்தனை சிக்கலும் ஒரே நாளில் குவியும். பிப்ரவரி 14-க்குச் சிவப்பு ரோஜா வேண்டுமென்றால் தோட்டத்தில் பல வாரங்களுக்கு முன்பே செடியைக் கிள்ளிவிட வேண்டும். அதற்குப் பிறகு தேவை கூடினாலும் குறைந்தாலும் பூவின் எண்ணிக்கையை மாற்ற முடியாது. அந்த நாள் வார நாளில் வந்தால் அலுவலகங்களுக்கு அனுப்புவார்கள், ஒரே கட்டடத்தில் பத்து டெலிவரி முடியும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீடு வீடாக அலைய வேண்டும், தேவையும் குறையும். மொத்த விலை ஏறியிருக்கும், ஆனால் நிறுவனம் தளத்தில் போட்ட விலை வாரங்களுக்கு முன்பே முடிவானது. கடைக்காரர் தன் நேரடி வாடிக்கையாளரையே கவனிக்க முடியாமல் திண்டாடும் நேரத்தில், குறைந்த பங்குள்ள ஆர்டர்கள் வரிசையாக வந்து விழும். அவர் மறுப்பார். அந்த ஆர்டர் அடுத்த கடைக்குப் போகும், அவரும் மறுப்பார். மூன்றாவது கடையிடம் போய்ச் சேரும்போது மாலை ஆகியிருக்கும். அனுப்பியவரின் திரையிலோ காலையிலிருந்தே “தயாராகிறது” என்றுதான் இருக்கும். இரவில்தான் மன்னிப்பு மின்னஞ்சல் வரும். பிறந்தநாள் என்றால் மறுநாள் கொடுத்துச் சமாளிக்கலாம். இறுதிச் சடங்குக்கு மலர்வளையம் ஒரு மணி நேரம் தாமதமானாலும் அதைச் சரிசெய்ய வழியே கிடையாது. அதற்குப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது மேலும் புண்படுத்தும்.

புகார் வரும் விதமும் கோணலானது. பூவைப் பெற்றவர் நன்றாக இல்லை என்று அனுப்பியவரிடம் சொல்லமாட்டார், சொன்னால் மரியாதை இல்லை என்று நினைப்பார். அனுப்பியவர் புகைப்படம் கேட்டு வாங்கினால்தான் உண்மை தெரியும். அதனால் பெரும்பாலான குறைகள் நிறுவனத்தின் காதுக்கே எட்டுவதில்லை. வாடிக்கையாளர் சத்தமில்லாமல் விலகிப்போகிறார். எட்டுகிற சில புகார்களில் நிறுவனம் உடனே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதைக் கடைக்காரர் கணக்கில் கழித்துக்கொள்கிறது. முகவரி தவறா, வீட்டில் ஆள் இல்லையா, வாங்கியவர் தண்ணீர் ஊற்றாமல் விட்டாரா என்று விசாரிக்க நேரமில்லை. அனுப்பியவரின் எண் கடைக்காரரிடம் இருந்தால் ஒரு போனில் தீர்ந்திருக்கும். வாடிக்கையாளர் கைநழுவிவிடுவார் என்ற பயத்தில் பல நிறுவனங்கள் அந்த எண்ணைக் கொடுப்பதில்லை. அந்தப் பயம் புரிகிறது. ஆனாலும், கூட்டாளி என்று அழைத்துவிட்டு ஒரு தொலைபேசி எண்ணைக்கூட நம்பிக் கொடுக்காதது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைக்காரரே வேண்டாம் என்று தோட்டத்திலிருந்து நேரே பெட்டியில் அனுப்பும் வழியையும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் ப்ரோஃப்ளவர்ஸ் 1990-களின் கடைசியிலேயே அதில் இறங்கியது. பிரிட்டனில் 2013-ல் தொடங்கிய ப்ளூம் அண்ட் வைல்ட் தபால் பெட்டி இடுக்கில் நுழையும் தட்டையான பெட்டியில் மொட்டுகளை அனுப்பிப் பெயர் எடுத்தது. விலை குறையும், பூவும் புதிதாக இருக்கும். ஆனால் பெறுபவர் தானே தண்டை வெட்டி அடுக்க வேண்டும், மலர ஓரிரு நாள் காத்திருக்க வேண்டும், இன்றே வேண்டும் என்றால் முடியாது. நோயாளியின் படுக்கைக்கோ துக்க வீட்டுக்கோ பெட்டியில் மொட்டு அனுப்புவது பொருந்தாது. அவசரத்துக்கும் துக்கத்துக்கும் பக்கத்தில் ஒரு கடை திறந்திருந்தே ஆக வேண்டும்.

இந்த இரண்டு வழியையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரப் பார்த்த எஃப்டிடியின் கதை எல்லோரும் அறிய வேண்டியது. 2014-ல் ப்ரோஃப்ளவர்ஸை நடத்திய நிறுவனத்தைச் சுமார் 43 கோடி டாலருக்கு வாங்கியது. கடன் ஏறியது, இரண்டு வியாபாரமும் ஒட்டவில்லை. தன் உறுப்பினர் கடைகளுக்குப் போட்டியாகத் தானே பெட்டி அனுப்பும் நிலையும் வந்தது. 2019 ஜூனில் திவால் பாதுகாப்புக் கோரியது. பெயர் புதிய உரிமையாளர்களிடம் பிழைத்துக்கொண்டது. 15 கடைக்காரர்கள் ஒருவரையொருவர் நம்பித் தொடங்கிய அமைப்பு நூற்றாண்டைத் தாண்டியதும் அந்த இடத்துக்கு வந்து நின்றதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. முதலாவது, படத்தை விற்காமல் மதிப்பை விற்பது. “இந்தத் தொகைக்கு, இந்த நிறச் சாயலில், கடைக்காரர் அன்றைய நல்ல பூவில் கட்டித் தருவார்” என்ற ஆர்டரில் மாற்றுப்பூச் சண்டை இல்லை, மீந்துபோகும் ஏழு தண்டு இல்லை. அதே செலவில் கொத்தும் நிறைவாக வரும். பெரிய தளங்கள் பலவற்றில் இந்த வசதி உண்டு, ஆனால் ஒரு மூலையில் இருக்கும். என் கருத்தில் அதுதான் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். கடைக்காரர்கள் தாங்கள் கட்டிய கொத்தின் படத்தையே போட்டு விற்கும் ப்ளூம்நேஷன் போன்ற சந்தைகள் சரியான திசையில் போகின்றன. இரண்டாவது, கட்டி முடித்ததும் ஒரு புகைப்படம் எடுத்து அனுப்பியவருக்குப் போகச் செய்வது. செலவு இல்லாத காரியம். பணம் கொடுத்தவர் பூவைப் பார்க்கிறார், கட்டியவரின் கை மதிக்கப்படுகிறது, பொய்ப் புகாரும் குறைகிறது. மூன்றாவது, எவ்வளவு பூவுக்குப் போகிறது, எவ்வளவு சேவைக்கும் டெலிவரிக்கும் என்று பில்லில் பிரித்துக் காட்டுவது. இதற்குத்தான் நிறுவனங்கள் மிகவும் தயங்கும். பண்டிகை நாளில் இத்தனை ஆர்டர்தான் என்று கடைக்காரர் முன்கூட்டியே வரம்பு வைக்கவும், அந்த வரம்பு தளத்தில் உடனே தெரியவும் வழி செய்தால் மாலைவரை பந்தாடப்படும் ஆர்டர்கள் பாதி குறையும்.

கடைக்காரர் ஒருவர் இந்தக் கூட்டில் சேரலாமா என்று என்னிடம் கேட்டால், நிறுவன ஆர்டர்களை மட்டும் தனியாக ஒரு மாதம் கணக்கெழுதிப் பார்க்கச் சொல்வேன்: பூ, ஜாடி, கூலி, டெலிவரி, பிடித்தம், மாதக் கட்டணம். எப்படியும் கடை திறந்திருக்கிறது, வாடகை ஓடுகிறது, மந்தமான செவ்வாய்க்கிழமையில் வரும் ஐந்து ஆர்டர் லாபம்தான் என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அது மொத்த வியாபாரத்தில் சின்னப் பங்காக இருக்கும்வரைதான் செல்லும். பாதிக்கு மேல் போய்விட்டால் வாடகையையும் அந்த ஆர்டர்களே சுமக்க வேண்டிவரும். முன்பு கணக்குப் போட்ட அந்த 40-ல் அது நடக்காது.

நீங்கள் பூ அனுப்புகிறவர் என்றால், பெறுபவர் இருக்கும் ஊரின் கடையை வரைபடத்தில் தேடி, கடையின் முகப்புப் படமும் தெரு முகவரியும் இருக்கிறதா என்று பார்த்து, நேரே போன் செய்யுங்கள். தொகையைச் சொல்லுங்கள், யாருக்கு, எதற்கு என்று சொல்லுங்கள், பிடிக்காத நிறம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், “இன்று எது நன்றாக இருக்கிறதோ அதை வையுங்கள்” என்று விட்டுவிடுங்கள். பெறுபவரின் தொலைபேசி எண்ணைக் கட்டாயம் கொடுங்கள். மொழி தெரியாத ஊர், நேர வித்தியாசம், பணம் அனுப்பும் சிக்கல் என்று நேரடியாக முடியாத சூழலில் பெரிய நிறுவனங்கள் உண்மையிலேயே உதவுகின்றன. அப்போது படத்தில் மயங்காமல் கடைக்காரர் விருப்பம் என்ற தேர்வை எடுங்கள், பண்டிகைக்கு ஒரு நாள் முன்பாகவே சேரும்படி தேதி போடுங்கள்.

பூ போய்ச் சேர்ந்ததும் பெறுபவரிடம் ஒரு படம் கேட்டு வாங்குங்கள். நன்றாக இருந்தால், கட்டியது எந்தக் கடை என்று நிறுவனத்திடம் கேளுங்கள். அட்டையிலோ பையிலோ பெயர் இருந்தாலும் இருக்கும். அடுத்த முறை அந்தக் கடைக்கே போன் செய்யலாம்.